பதினேழாம் நம்பரின் ஒன்பது உத்தரங்கள்

என்னுடைய முறை ஐந்தாவது. முதலில் கொத்தனார், அடுத்து ஆசாரி, அப்புறம் எலக்ட்ரீஷியன், பெயின்டர், கடைசியில் இன்ஜினியர் அம்மா என்று நவநீதன் ஒரு சீட்டில் எழுதி ஐயரிடம் கொடுத்திருக்கிறார். புதுமனை புகும்போது கட்டினவர்களைக் கூப்பிட்டு, வேட்டி துண்டோ சேலையோ வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துக் கையில் கொடுத்த பிறகுதான் பந்தி போடவேண்டும் என்பது அவர் குடும்பத்து வழக்கமாம். இது வீடு இல்லை, ஹோட்டல். அதுவும் புதிது இல்லை, அவருடைய தாத்தா முப்பத்தாறில் கட்டிப் பதினெட்டு போர்ஷனாக வாடகைக்கு விட்டிருந்த துரைசாமி மேன்ஷன். இரண்டு வருஷம் பாடுபட்டு, பழசு பழசாகவே தெரியும்படி புதுசாக்கியிருக்கிறோம், பெயரும் ‘முப்பத்தாறு’ என்றே வைத்தாயிற்று. ஹோமப் புகை லாபி முழுக்க நிற்கிறது. புகைக்கு அலறுகிற கருவியைக் காலையிலேயே அணைத்துவைக்கச் சொன்னவள் நான்தான், எல்லாவற்றையும் முன்யோசனையோடு செய்கிறவள் என்று எனக்குப் பெயர். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறேன். புகையினால் என்று எல்லாரும் நினைப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் விஷயம். என் தலைக்கு மேலே இரண்டாவது மாடியில் பதினேழாம் நம்பர் அறையின் கூரையைத் தாங்கிக்கொண்டு ஒன்பது தேக்கு உத்தரங்கள் இருக்கின்றன. அவற்றை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, ஆனால் நன்றாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்று ராத்திரி அந்த அறையில் முதன்முதலாக யாரோ படுக்கப்போகிறார்கள். தாம்பாளத்தை வாங்கும்போது நவநீதனிடம் சொல்லிவிட வேண்டும். காதோடு காதாக, ஒரே ஒரு வாக்கியம். என் முறை வருவதற்கு இன்னும் அரை மணி நேரமாவது ஆகும்.

உத்தரத்தைத் தட்டிப்பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஏணி போட்டு ஏறி, சுவருக்குள் நுழைகிற முனையில் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. நல்ல மரம் கணீரென்று பேசும், உள்ளே உளுத்த மரம் அழுகின பூசணிக்காய் மாதிரி தொப்பென்று கேட்கும். சந்தேகம் இருந்தால் குத்தூசியைச் செருகவேண்டும், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் மரம் போயிற்று என்று அர்த்தம். மெட்ராஸ் டெரஸ் என்கிற இந்தப் பழைய கூரையில் மேலே இருக்கிற செங்கல், சுண்ணாம்பு, தட்டோடு எல்லாப் பாரத்தையும் சுமப்பது இந்த உத்தரங்கள்தான். அவை கெடுவதும் நடுவில் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் புதைந்திருக்கிற அந்த ஒரு சாண் முனையில்தான். தட்டினபிறகு ரெஜிஸ்டரில் குறி போடவேண்டும்: வட்டம் என்றால் இருக்கட்டும், பெருக்கல் என்றால் மாற்று. முப்பது வருஷமாக நான் இப்படித்தான். மங்கையர்க்கரசி என்று அப்பா ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது, சைட்டில் எனக்கு முதுகுக்குப் பின்னால் ‘தட்டு மேடம்’ என்று பெயர். சாமியே நேரில் வந்து இது நல்ல மரம் என்று சொன்னாலும் மேடம் ஒரு தட்டு தட்டிட்டுத்தான் நம்புவாங்க என்று சிரிப்பார்கள். கேட்காத மாதிரி நடந்துபோவேன், உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். ஒரு போர்ஷனுக்கு ஒன்பது, பதினெட்டு போர்ஷனுக்கும் சேர்த்து நூற்றி அறுபத்திரண்டு உத்தரங்கள். நூற்றி ஐம்பத்து மூன்றைத் தட்டினேன். நூற்றி ஐம்பத்து மூன்று என்பது பெரிய எண்தானே, யாராவது கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு மார்க் என்று சொல்லலாம், பரீட்சையில் இதற்கு டிஸ்டிங்ஷன் கொடுப்பார்கள். இப்படியெல்லாம் கணக்குப் போட்டு என்னை நானே ஏமாற்றிக்கொண்டு ஏழு மாதம் ஓட்டிவிட்டேன்.

அப்போது பதினேழாம் நம்பரில் பலராமன் சார் இருந்தார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவர், சட்டையின் கழுத்துப் பித்தானைக்கூடப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறப்பார். மற்ற பதினேழு குடித்தனமும் காலி செய்துகொண்டு போனபிறகும் அவர் போகவில்லை, போக முடியவில்லை. மனைவி கனகவல்லி அம்மா பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. நானும் நல்லதம்பி ஆசாரியும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். வாசலை மறித்த மாதிரி நின்றுகொண்டு, “தட்டாதீங்கம்மா, எல்லாம் அவ மேல கொட்டும், ஏற்கெனவே மூச்சு விடறதுக்கே கஷ்டப்படறா” என்றார். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம் சார் என்றேன். “எங்கம்மா நகர்த்தறது? இருக்கறது இந்த ஒரு ரூம். தட்டாமயே காலையில எழுந்து பாத்தா போர்வை மேல மாவு சலிச்ச மாதிரி கெடக்குது. அதான் இதைக் கட்டி வெச்சிருக்கேன் பாருங்க.” கட்டிலுக்கு மேலே ஒரு பழைய எட்டுமுழ வேட்டியை நான்கு மூலையிலும் கயிறு போட்டு ஆணியில் கட்டியிருந்தார். அதற்குக் கீழே எலும்பும் தோலுமாக ஒரு அம்மாள், ஒரு கண் மூடியிருக்க ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனசு இளகிவிட்டது. எனக்கும் வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட அனுபவம் உண்டு, அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. சரி சார், இன்னொரு நாள் வரேன் என்று சொல்லிவிட்டேன். வராந்தாவுக்கு வந்து, ரெஜிஸ்டரை முழங்கையில் வைத்துக்கொண்டு ஒன்பது வட்டம் போட்டேன். ஆசாரி எட்டிப்பார்த்து, “என்னம்மா, தட்டாம வட்டம் போடறீங்க?” என்றார். பதினாறும் பதினெட்டும் நன்றாக இருக்கின்றன, நடுவில் இது மட்டும் கெட்டுப்போய்விடுமா, ரிப்போர்ட் நாளைக்குக் கொடுக்கவேண்டும், இவர்கள் காலி பண்ணினதும் வந்து தட்டிக்கொள்ளலாம் என்றேன். அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார்.

மைக்கில் ஐயர் கூப்பிடுகிறார், கொத்தனார் முருகையன் எழுந்து போகிறார். நாதஸ்வரக்காரர் அவசரமாக ஒரு பிடி பிடிக்கிறார், தவில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் எனக்கு உச்சந்தலையில் விழுகிறது. தவில் சத்தத்துக்கு எல்லாம் கூரை விழாது, ஐம்பது வயதைத் தாண்டின ஒரு இன்ஜினியர் இப்படி நினைப்பதே வெட்கக்கேடு. ஆனால் காலையில் ஏழு மணிக்கு யாருக்கும் தெரியாமல் பதினேழுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த அறைக்குத்தான் எவ்வளவு அலங்காரம், ஹோட்டலிலேயே நல்ல அறை அதுதான், முன்னும் பின்னும் சன்னல், பழைய சிவப்புத் தரையைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி பண்ணியிருக்கிறார்கள். கட்டில் மேலே ரோஜா இதழால் நெஞ்சு வடிவம் போட்டு வைத்திருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். வழவழவென்று வெள்ளை ஜிப்சம் சீலிங், அதில் விளக்குக்குப் பக்கத்தில், தோசைக்கல் அளவுக்கு, காப்பி நிறத்தில் ஒரு கறை. நேற்று இல்லை. மூன்று நாளாக மழை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அறை நடுவில் நின்று கேட்டேன், என்ன கேட்டேன் என்றால் தெரியவில்லை, ஏதாவது பேசுமா என்று கேட்டேன். ஏசி மட்டும் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயின் கசிவாக இருக்கும், ஏசியின் கசிவாக இருக்கும், பெயின்டரைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னால் போய்விடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கீழே இறங்கினேன். உண்மையாகவே பெயின்டரைக் கூப்பிட்டுச் சொல்லவும் செய்தேன். முப்பது வருஷத் தொழிலில் கறையைப் பார்த்ததும் அதை மறைக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஏன் அப்புறம் தட்டவில்லை? இந்தக் கேள்வியை நான் எத்தனையோ தடவை எனக்குள் கேட்டு, ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லி, பதில் சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டி, மறுபடி முதலிலிருந்து கேட்டிருக்கிறேன். கனகவல்லி அம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டார். பலராமன் சார் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தானாகவே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே வாரம் என் மகள் வினோதினிக்கு வலி எடுத்து மதுரைக்கு ஓடினேன். பதினோரு நாள். திரும்பி வந்து பார்த்தால் பதினேழில் கம்பி கட்டி ஜிப்சம் தட்டு மாட்டி, பட்டி பார்த்து முடித்திருந்தார்கள். மேலே மொட்டைமாடியில் தளத்தின் மீது சிமெண்ட் போட்டு, ரெஸ்டாரன்ட்டுக்காக வரிசையாகப் பாத்தி கட்டி மண் கொட்டியிருந்தார்கள். “ரெஜிஸ்டர்ல பதினேழு ஓகேன்னு இருந்துச்சு மேடம், அதான் உங்களுக்காகக் காத்திருக்கல” என்று நவநீதன் சிரித்தார். அந்த நிமிஷம் சொல்லியிருக்கவேண்டும். ஒரு தட்டைக் கழற்றுங்கள், நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் மற்ற நூற்றி ஐம்பத்து மூன்றையும் நம்பமாட்டார்களே, தட்டு மேடமே தட்டாமல் எழுதுகிறாள் என்றால் ஊரெல்லாம் பரவுமே, கார்ப்பரேஷனுக்குக் கொடுத்த சான்றிதழில் என் லைசென்ஸ் நம்பர் இருக்கிறதே என்று ஒவ்வொன்றாக வந்து வாயை அடைத்துக்கொண்டன. காலேஜில் முதல் நாள் சர்வே வகுப்பில் பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சிவில் என்று கேட்ட வாத்தியார் முகம்கூட வந்து நின்றது, அவர் செத்தே இருபது வருஷம் ஆகியிருக்கும். கிருஷ்ண ஜெயந்திக்குச் சொல்லலாம், பெயின்ட் முடிந்ததும் சொல்லலாம், தனியாக இருக்கும்போது சொல்லலாம். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதைக் கஷ்டமாக்கிவிட்டது. தொண்ணூறு வருஷமாக நின்றது இனிமேலா விழப்போகிறது என்று கடைசியில் ஒரு மந்திரம் கிடைத்தது, அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆசாரி. நல்லதம்பி ஆசாரிக்கு எழுபது வயது இருக்கும், கூச்சப்பட்டுக்கொண்டு முன்னால் போகிறார். நவநீதன் தாம்பாளத்தைக் கொடுத்து, “இந்தக் கட்டடத்தோட எலும்பே இவரு கையிலதான் இருந்துச்சு” என்று மைக்கில் சொல்கிறார். எல்லாரும் கை தட்டுகிறார்கள். வேட்டியைப் பிரித்து மேலே போர்த்துங்கள், போட்டோ எடுக்கணும் என்று யாரோ சொல்ல, நவநீதனும் அவர் மனைவியும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு புதுவேட்டியை விரிக்கிறார்கள். ஒரு வினாடி அது ஆசாரியின் தலைக்கு மேலே நான்கு மூலையும் இழுபட்டு விறைப்பாக நிற்கிறது. நான் அந்த வேட்டியைப் பார்க்கிறேன். தட்டாமயே காலையில எழுந்து பாத்தா போர்வை மேல மாவு சலிச்ச மாதிரி கெடக்குது. இதைத்தானே அவர் சொன்னார், என் முகத்துக்கு நேரே, ஒரு கை நீட்டிக் காட்டிச் சொன்னார். தட்டாமலேயே. தினமும். நான் அதை ஒரு கிழவரின் கெஞ்சலாகக் கேட்டேன். பாவம், இவ்வளவு கஷ்டப்படுகிறாரே என்று கேட்டேன். கடவுளே, அது கஷ்டம் இல்லை, தகவல். மெட்ராஸ் டெரஸ் படீரென்று விழாது, உத்தரத்தின் முனை உளுத்துக் கொஞ்சம் இறங்கினால் மேலே செங்கல் ஒன்றோடொன்று உரசிச் சுண்ணாம்பு மாவாகக் கொட்டும், மாதக்கணக்கில் கொட்டும், அது ஒன்றுதான் அந்தக் கூரை நமக்குத் தருகிற எச்சரிக்கை. இதை நான் ஜூனியர் பசங்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லியிருக்கிறேன். படுக்கையில் மாவு விழுதான்னு முதல்ல வீட்டுக்காரங்கள கேளுங்க என்று சொல்லியிருக்கிறேன். நான் கேட்காமலேயே எனக்குச் சொன்னார்கள், வேட்டி கட்டி வைத்துக் காட்டினார்கள், நான் இரக்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்து ஒன்பது வட்டம் போட்டேன். இத்தனை நாளும் தட்டாத மரம், நல்லதாகவும் இருக்கலாம் கெட்டதாகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இல்லை. அது உளுத்த மரம். எனக்குத் தெரியும், ஒரு வருஷமாகத் தெரியும், தெரியும் என்பது மட்டும் இப்போதுதான் தெரிகிறது.

ஆசாரி திரும்பி வந்து எனக்கு முன் வரிசையில் உட்காருகிறார். உட்காருவதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்க்கிறார், ஒன்றும் இல்லை, வெறும் பார்வை, நான் குனிந்துகொள்கிறேன். அவருக்கு ஞாபகம் இருக்கிறதா? அவர் ஏன் சொல்லவில்லை? நான் படித்தவள், கையெழுத்துப் போடுகிறவள், அவர் எதற்குச் சொல்லவேண்டும். இப்போது அந்த மாவு எங்கே விழுகிறது என்று யோசிக்கிறேன். ஜிப்சம் தட்டின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த வழவழப்பான வெள்ளைக்கு முதுகுப்பக்கம், இருட்டில், பொடிப்பொடியாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. பலராமன் சார் தன் வேட்டியையாவது வாரத்துக்கு ஒருதரம் உதறியிருப்பார். நாங்கள் கட்டின வேட்டியை உதற முடியாது, கீழே படுக்கிறவர்களுக்கு ஒரு துளி தூசி தெரியாது, எச்சரிக்கையையும் சேர்த்து மூடி அழகாக விளக்குப் போட்டிருக்கிறோம். மேலே பாத்தி. எட்டு அங்குலம் மண், நாலடிக்குப் பதினெட்டடி, காய்ந்த மண் என்றால் ஒரு கணக்கு, மூன்று நாள் மழையில் ஊறின மண் என்றால் வேறு கணக்கு. நான் விரல் விட்டு எண்ணுகிறேன். இரண்டரை டன்னுக்கு மேலே வருகிறது. மறுபடி எண்ணுகிறேன், குறையவில்லை. பாத்தியில் ரோஸ்மேரி நட்டிருக்கிறார்கள், சமையலுக்காம். சின்ன வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், விழுந்த ஒரு கூரையைப் பார்க்கப் போயிருந்தேன், பழைய கிடங்கு ஒன்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஸ்டூல் மட்டும் கீழே இருந்திருக்கிறது. அந்த ஸ்டூலைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

“அம்மா, இவளைக் கொஞ்சம் பிடி, கை வலிக்குது” என்று வினோதினி குழந்தையை என் மடியில் வைக்கிறாள். நேற்றுத்தான் மாப்பிள்ளையோடு வந்து இறங்கினாள், அம்மா கட்டின ஹோட்டலைப் பார்க்கணும் என்று ஆசை. குழந்தைக்கு ஏழு மாதம். என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறது, அதன் தலையிலிருந்து நல்லெண்ணெயும் பவுடரும் கலந்து ஒரு வாசனை. பவுடர், வெள்ளைப் பவுடர், நினைப்பு எங்கே போனாலும் அங்கேயே வந்து முட்டுகிறது. எலக்ட்ரீஷியன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயின்டர் வாங்கிக்கொண்டு என் பக்கமாக வந்து, “டச்சப் பண்ணிட்டேன் மேடம், இப்பப் பாத்தா அங்க எதுவும் இருந்ததே தெரியாது” என்று குனிந்து சொல்லிவிட்டுப் போகிறார். நான் தலையாட்டுகிறேன். சொல்லவேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் தயார் செய்கிறேன். சார், பதினேழை இன்னிக்கு யாருக்கும் கொடுக்காதீங்க. ஏன் என்று கேட்பார். கேட்டால், ஒரு சந்தேகம் இருக்கு என்று சொல்லலாம். என்ன சந்தேகம் என்பார். நான் தட்டல சார். இந்த மூன்று வார்த்தைதான், இதற்கு மேலே ஒன்றும் இல்லை, என்னைத் திட்டுவார், கூட்டத்தில் மானம் போகும், லைசென்ஸும் போகலாம், போகட்டுமே, ஐம்பத்து நான்கு வயதில் லைசென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன். சொல்லிவிடுவேன் என்று தோன்றியதும் உடம்பெல்லாம் லேசாகிறது. சத்தியமாகச் சொல்லிவிடுவேன். குழந்தையை வினோதினியிடம் கொடுத்துவிட்டுப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொள்கிறேன்.

இன்ஜினியர் அம்மா வாங்க என்கிறார்கள். போகிறேன். அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை, மேலே வெற்றிலை, மஞ்சள், ஒரு தேங்காய். நவநீதன் மனைவி நெற்றியில் குங்குமம் வைக்கிறார். நான் நவநீதன் பக்கம் சாய்ந்து, “சார், ஒரு விஷயம்” என்கிறேன். “இருங்க மேடம், நான் முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன்” என்று அவர் மைக்கை வாங்கிக்கொள்கிறார். “ஒவ்வொரு கட்டையையும் தட்டித் தட்டிப் பாத்து இந்தக் கட்டடத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தவங்க மேடம். அவங்க குடும்பம்தான் இங்க முதல்ல தங்கணும்னு நானும் என் மனைவியும் முடிவு பண்ணிட்டோம். மேடத்தோட பொண்ணும் மாப்பிள்ளையும் வந்திருக்காங்க, பேத்தியும் வந்திருக்கு. இன்னிக்கு ராத்திரி எங்க பெஸ்ட் ரூம், பதினேழு, அவங்களுக்கு.” கை தட்டல் வெடிக்கிறது. வினோதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், மாப்பிள்ளை குழந்தையின் கையைப் பிடித்து எல்லாருக்கும் ஆட்டிக் காட்டுகிறார். ஏழு மாதமாக அசையாத என் நாக்கு அந்த நிமிஷமே அசைகிறது. “அய்யோ, வேணாம் சார். குழந்தைக்கு ஏசி சுத்தமா ஒத்துக்காது. போன வாரம்தான் நெஞ்சுச்சளி வந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தாங்க.” எவ்வளவு தடங்கல் இல்லாமல், எவ்வளவு இயல்பாக வருகிறது. நெஞ்சுச்சளியும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. வினோதினி என்னைப் பார்க்கிற பார்வையில் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. பரவாயில்லை, அப்புறம் அவளிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். குழந்தை அங்கே படுக்காது, அது போதும். சொல்லவந்ததைச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது, இதோ, இப்போது சொல்லவேண்டும், சார் அந்த ரூமை யாருக்குமே என்று வாயைத் திறக்கிறேன்.

“அப்படியா, சரி சரி, குழந்தைதான் முக்கியம்” என்று நவநீதன் கூட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறார், அவர் முகம் சட்டென்று மலர்கிறது. “அப்ப இதுக்கு இன்னும் பொருத்தமான ஆள் இருக்கார். பலராமன் சார், எழுந்திருங்க!” கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்து நிற்கிறார். வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. பழைய குடித்தனக்காரர்களுக்கெல்லாம் பத்திரிகை அனுப்பியிருந்தார்களாம், வந்தவர் இவர் ஒருவர்தான். இளைத்துப் பாதியாகியிருக்கிறார், ஆனாலும் கழுத்துப் பித்தான் போட்டிருக்கிறது. “நாப்பத்தொரு வருஷம் இருந்த வீடு. இன்னிக்கு ராத்திரி நீங்கதான் சார் அங்க படுக்கணும்.” அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார், அழுகிறார், கூட்டத்தில் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். போட்டோக்காரர் எங்கள் மூவரையும் சேர்த்து நிறுத்துகிறார், நடுவில் அவர். ஒரு பக்கம் தாம்பாளத்தோடு நான். சிரிங்க மேடம் என்கிறார் போட்டோக்காரர், சிரிக்கிறேன்.

நவநீதனை யாரோ பந்திப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். கூட்டம் கலைகிறது. பலராமன் சார் அறைச் சாவி அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார். “உங்க பொண்ணுக்குக் கொடுத்ததை எனக்காக விட்டுட்டீங்க. நான் என்னம்மா சொல்றது?” என்கிறார். இல்ல சார், அப்படியெல்லாம் இல்ல என்கிறேன். “பசிக்கல. நான் போய் ரூமை ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன். கட்டில் எந்தப் பக்கம்மா போட்டிருக்காங்க?” எனக்குத் தெரியும். கட்டில் சன்னலோரம், ஏழாவது எட்டாவது உத்தரத்துக்குக் கீழே, பாத்தி நேர் மேலே. சன்னல் பக்கம் சார் என்கிறேன். “அவ கட்டில் போட்டிருந்த இடம்தான்” என்கிறார். சொல்லு என்கிறது மனசு. இவர் ஒருத்தரிடமாவது சொல்லு. நான் தட்டல சார், நீங்க சொன்னது எனக்குக் காதுல விழல சார். என் வாய் திறக்கிறது. “சார், அந்தக் கட்டில்ல ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்கும். கதவுக்கிட்ட ஒரு சோபா இருக்கு, பெரிசு. அதுல படுத்துக்குங்க.” முதல் இரண்டு உத்தரம் கதவோரம் குறுக்குச் சுவரை ஒட்டிப் போகிறது, மற்றதெல்லாம் இறங்கினாலும் அந்த மூலை நிற்கும். இதுதான் என் முப்பது வருஷப் படிப்பு அவருக்குக் கொடுத்த தாம்பாளம். அவர் சிரிக்கிறார். “சோபாவுல எனக்குத் தூக்கம் வராதும்மா. அவ இடத்துல ஒரு ராத்திரி படுக்கக் கொடுத்து வெச்சிருக்கே, அதை விடுவேனா?” மாடிப்படியில் ஏறுகிறார். கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து, மெதுவாக. திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கை ஆட்டுகிறார், நானும் ஆட்டுகிறேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். முதல் மாடி தாண்டி அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது, அப்புறம் கேட்கவில்லை.

“அம்மா, எலை போட்டாச்சு, வா” என்று வினோதினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு நல்ல பசி, அதை மறைக்க என்ன இருக்கிறது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பால் பாயசத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.